மாதக் கட்டண வங்கிக் கணக்கை உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? பிரிட்டனில் அந்தப் பணத்தைத் திரும்பப் பெற முழு வழிகாட்டி

பிரிட்டனில் சாதாரண வங்கிக் கணக்கு வைத்திருக்கக் காசு கட்டத் தேவையில்லை. பெரிய வங்கிகள் எல்லாவற்றிலும் கட்டணமில்லாத கரண்ட் அக்கவுண்ட் உண்டு. ஆனாலும் பல லட்சம் பேரின் கணக்கிலிருந்து மாதாமாதம் 10, 15, 20 பவுண்ட் என்று ஒரு தொகை போய்க்கொண்டே இருக்கிறது. பயணக் காப்பீடு, மொபைல் காப்பீடு, கார் வழியில் நின்றுபோனால் உதவிக்கு வரும் பிரேக்டவுன் கவர் ஆகியவற்றை ஒரே கட்டாகச் சேர்த்து விற்கும் ‘பேக்கேஜ்ட் அக்கவுண்ட்’ இது.

தேவை அறிந்து எடுத்தவர்களுக்கு இது லாபமாகவே இருக்கும். குடும்பத்தோடு ஆண்டுக்கு இரண்டு முறை வெளிநாடு போய்வந்து, காரும் விலையுயர்ந்த போனும் வைத்திருப்பவர் இவற்றைத் தனித்தனியாக வாங்கினால் இதைவிடக் கூடுதலாகத்தான் செலவாகும். ஆனால் கார் ஓட்டத் தெரியாதவருக்கு பிரேக்டவுன் கவரும், பயணக் காப்பீட்டின் வயது வரம்பைத் தாண்டிய அம்மாவுக்குப் பயணக் காப்பீடும் விற்கப்பட்டிருந்தால், அதைக் கேள்வி கேட்க வேண்டும்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: கணக்கை விற்ற நாளில் வங்கி உங்களிடம் என்ன சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது? ‘நான் அந்தக் காப்பீட்டைப் பயன்படுத்தவே இல்லை’ என்பது மட்டும் காரணமாகாது. நிராகரிக்கப்படும் புகார்களில் பல இந்த ஒரு வரியை மட்டும் நம்பி அனுப்பப்பட்டவை.

ஸ்டேட்மென்டிலிருந்து தொடங்குங்கள்

கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்டை எடுத்து, மாதம் ஒருமுறை ஒரே தேதியை ஒட்டி ‘அக்கவுண்ட் ஃபீ’ என்ற மாதிரிப் பெயரில் ஏதாவது கழிகிறதா என்று பாருங்கள். பிறகு கணக்கின் பெயர். சில்வர், கோல்ட், பிளாட்டினம், அட்வான்டேஜ் கோல்ட், ராயல்டீஸ், அடிஷன்ஸ், அல்டிமேட் ரிவார்ட், ஃபிளெக்ஸ்பிளஸ் என்று வங்கிக்கு வங்கி, காலத்துக்குக் காலம் பெயர் மாறியிருக்கிறது. பெயர் பளபளப்பாக இருந்தால் கட்டணமும் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதைத் தாண்டி எடுக்கும் கடன்) வட்டியையும், பணம் இல்லாமல் திரும்பிய டைரக்ட் டெபிட்டுக்கான அபராதத்தையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை வேறு வகைப் புகார்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் வங்கி எளிதான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடும்.

கணக்கு மூடப்பட்டிருந்தாலும் புகார் செய்யலாம். கூட்டுக் கணக்கு என்றால் இருவர் பெயரிலும் கொடுங்கள். பணம் இருவருக்கும் உரியது என்பதால் மற்றவரின் ஒப்புதலைப் பின்னால் எப்படியும் கேட்பார்கள். இறந்துபோன ஒருவரின் கணக்குக்கு, அவருடைய சொத்தை நிர்வகிக்கும் சட்டப்படியான பொறுப்பாளர் கோரலாம்.

எது தவறான விற்பனை?

வலுவான காரணங்கள் சில உண்டு. உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் என்று சொன்னது. ‘இந்தக் கணக்கை எடுத்தால்தான் ஓவர்டிராஃப்ட் தருவோம்’, ‘மோர்ட்கேஜுக்கு இது வேண்டும்’, ‘புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்கு இந்த ஒரு கணக்குத்தான்’ என்ற வகைப் பேச்சு. கட்டணமில்லாத கணக்கும் உண்டு என்பதை மறைத்து விற்றது மிக முக்கியமான குறை. படிக்கவும் வேலைக்கும் வந்து, முதல் கணக்கைத் திறக்கப் பாஸ்போர்ட்டோடு கிளைக்குப் போன நம்மவர்கள் பலர் வேறு வழி இருக்கிறதா என்று கேட்கும் நிலையிலேயே இருந்திருக்க மாட்டார்கள். அப்படி நடந்திருந்தால் அதை அப்படியே எழுதுங்கள்.

கேட்காமல் மாற்றியது. இலவசக் கணக்காகத் தொடங்கியது உங்கள் சம்மதம் இல்லாமல் கட்டணக் கணக்காக மாறியிருக்கலாம். அல்லது ‘உங்கள் கணக்கை அப்கிரேட் செய்கிறோம்’ என்று மட்டும் சொல்லி, மாதாமாதம் பணம் கழியும் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

தகுதியே இல்லாத காப்பீட்டை விற்றது. பயணக் காப்பீட்டுக்கு வயது வரம்பு உண்டு. பாலிசியைப் பொறுத்து அது 65, 70, 80 என்று மாறும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் போன்றவை ஏற்கெனவே இருந்தால் முன்கூட்டியே தெரிவித்து, தேவைப்பட்டால் கூடுதல் பணமும் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நோய் தொடர்பான செலவை ஏற்க மாட்டார்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு, அதனால் இந்த விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டது சின்ன விஷயமல்ல.

இன்னொன்றையும் பாருங்கள். இத்தகைய பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஒரே பயணம் 31 நாளைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருக்கும். பள்ளி விடுமுறையில் ஆறு வாரம் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ மதுரைக்கோ போய்வரும் குடும்பத்துக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. விற்கும்போது ‘ஊருக்குப் போகும்போது உங்களுக்கு இது உதவும்’ என்று சொல்லிவிட்டு இந்த வரம்பைச் சொல்லாமல் விட்டிருந்தால், அது தகவலைத் தெளிவாகத் தராத குற்றச்சாட்டுக்கு நல்ல ஆதாரம்.

வெளியேற விடாமல் தடுத்தது. கட்டணம் வேண்டாம் என்று நீங்கள் கேட்டபோது ‘மாற்ற முடியாது’, ‘மாற்றினால் ஓவர்டிராஃப்ட் போய்விடும்’ என்று பொய்யாகச் சொல்லியிருந்தால், அந்த நாளுக்குப் பிறகு கட்டிய கட்டணத்தையாவது கேட்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். வங்கி ஊழியர் உங்கள் நிலைமையை விசாரித்து ‘உங்களுக்கு இதுதான் சரி’ என்று பரிந்துரைத்திருந்தால், அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் பொறுப்பு வங்கிக்கு இருந்தது. வெறுமனே தகவல் சொல்லி விற்றிருந்தால், அந்தத் தகவல் தெளிவாகவும் நேர்மையாகவும் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அன்று உங்களிடம் கார், பயணம், உடல்நலம் பற்றிக் கேள்விகள் கேட்டார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 2013 மார்ச் 31 முதல் விதி இன்னும் கடுமையானது: பேக்கேஜில் உள்ள ஒவ்வொரு காப்பீட்டையும் கோரும் தகுதி வாடிக்கையாளருக்கு இருக்கிறதா என்று வங்கி சரிபார்த்துச் சொல்ல வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை தகுதி விவரக் கடிதமும் அனுப்ப வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு விற்கப்பட்ட கணக்கு என்றால், ‘தகுதியைச் சரிபார்த்த பதிவைக் காட்டுங்கள்’ என்று நேராகக் கேளுங்கள்.

எடுபடாத காரணங்கள்: பயன்படுத்தவில்லை, வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தது, மனம் மாறிவிட்டது. உடைந்த போனுக்கு ஏற்கெனவே பணம் வாங்கியிருந்தாலோ, பிரேக்டவுன் வண்டியை அழைத்திருந்தாலோ, ‘எனக்கு எதுவுமே தெரியாது’ என்ற வாதம் நிற்காது. அதை மறைக்காதீர்கள். வங்கியிடம் அந்தப் பதிவு இருக்கும். மறைத்தது தெரிந்தால் நீங்கள் உண்மையாகச் சொன்ன மற்றவையும் அடிபட்டுப் போகும்.

காலக்கெடு

கடனோடு சேர்த்து விற்கப்பட்ட பிபிஐ காப்பீட்டுப் புகார்களுக்கு 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாளாக இருந்தது. பேக்கேஜ்ட் கணக்குகளுக்கு அப்படி ஒரு பொதுக் கடைசி நாள் கிடையாது. ஆனால் பொதுவான விதி ஒன்று உண்டு: சம்பவம் நடந்து 6 ஆண்டுகளுக்குள், அல்லது புகார் செய்யக் காரணம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த, நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள், இரண்டில் எது பிந்தியதோ அது.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘இன்னும் கட்டணம் கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன், காலம் எப்படிக் கடந்திருக்கும்?’ என்று நினைக்கிறார்கள். 6 ஆண்டுக் கணக்கு, கணக்கை விற்ற நாளிலிருந்து ஓடுகிறது. கடைசிக் கட்டணம் கழிந்த நாளிலிருந்து அல்ல. எனவே 2012-இல் விற்ற கணக்கென்றால் நீங்கள் நம்பியிருக்க வேண்டியது 3 ஆண்டு விதியை. எப்போது, எப்படித் தெரியவந்தது என்பதைக் கடிதத்தில் துல்லியமாக எழுதுங்கள்: ‘2025 ஜனவரியில் பயணக் காப்பீட்டில் கோரிக்கை வைத்தபோது, நோய் விதிவிலக்கைக் காரணம் காட்டி மறுத்தார்கள், அதற்கு முன் அந்த விதிவிலக்கு எனக்குத் தெரியாது’ என்பது போல. ஆண்டுதோறும் அனுப்பிய தகுதிக் கடிதத்தைக் காட்டி ‘உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்’ என்று வங்கி வாதிடக்கூடும். அந்தக் கடிதம் கையில் கிடைத்ததா, அதில் உங்கள் பிரச்சினை தெளிவாக இருந்ததா என்று பார்த்து வையுங்கள்.

ஆதாரம் திரட்டுதல்

பழைய தாள்கள் இல்லை என்று கைவிட வேண்டாம். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி வங்கி உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேட்கலாம். ‘சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்’ என்று சொன்னால் வங்கியில் புரிந்துகொள்வார்கள். கட்டணம் இல்லை. பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். கணக்கு எண் மறந்திருந்தால் பிறந்த தேதியையும் அந்தக் காலத்தில் குடியிருந்த முகவரிகளையும் கொடுங்கள்.

இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: கணக்கு தொடங்கிய, மாற்றிய தேதிகள், ஒவ்வொரு மாதமும் பிடித்த கட்டணத்தின் பட்டியல், விற்பனை நாளின் விண்ணப்பப் படிவம், ஊழியரின் குறிப்புகள், தொலைபேசியில் விற்றிருந்தால் உரையாடல் பதிவு, காப்பீட்டில் நீங்கள் வைத்த கோரிக்கைகளின் விவரம். மூடிய கணக்குகளின் பதிவுகள் 6 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்பட்டிருப்பது சகஜம், அதனால் கிடைத்ததை வைத்து முன்னேறுங்கள்.

உங்கள் பக்கத்தில் சேர்க்க வேண்டியவை: நோய் இருந்ததைக் காட்டும் மருத்துவக் கடிதம், அன்றைய வயதைக் காட்டும் ஆவணம், ஓட்டுநர் உரிமம் இல்லாமை, காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதம்.

புகார்க் கடிதம்

வங்கியின் இணையதளத்தில் புகார்ப் படிவம் இருக்கும். தொலைபேசியிலும் சொல்லலாம், ஆனால் எழுத்தில் கொடுப்பதே நல்லது. சொன்னது சொன்னபடி பதிவாகும். முன்மாதிரிக் கடிதங்களை அப்படியே நகலெடுக்காதீர்கள். எல்லாக் காரணங்களையும் டிக் அடித்த கடிதத்தைப் பார்த்ததும், இது சொந்த நினைவிலிருந்து வந்ததல்ல என்று விசாரிப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒரு பக்கம் போதும், ஆங்கிலத்தில் இருந்தால் வேகமாக நடக்கும். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

‘என் பெயர், முகவரி, கணக்கு எண் இவை. 2014 மே மாதம் உங்கள் கிளையில் ஓவர்டிராஃப்ட் கேட்டு வந்தேன். கோல்ட் கணக்குக்கு மாறினால்தான் அது கிடைக்கும் என்று ஊழியர் சொன்னார். இலவசக் கணக்கிலும் ஓவர்டிராஃப்ட் கேட்கலாம் என்று சொல்லவில்லை. எனக்குக் கார் இல்லை. அப்போது எனக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதுபற்றிக் கேட்கவும் இல்லை, பயணக் காப்பீட்டின் விதிவிலக்கை விளக்கவும் இல்லை. 2025 மார்ச்சில்தான் இது எனக்குத் தெரியவந்தது. எனவே இந்தக் கணக்கு எனக்குத் தவறாக விற்கப்பட்டது என்று புகார் செய்கிறேன். மாறிய நாளிலிருந்து பிடித்த எல்லாக் கட்டணங்களையும், அவற்றால் ஏற்பட்ட ஓவர்டிராஃப்ட் வட்டியையும், இழந்த காலத்துக்கான வட்டியையும் திருப்பித் தர வேண்டும்.’

கிளையின் பெயர், ஏறத்தாழ மாதம், எதற்காகப் போனீர்கள், ஊழியர் சொன்ன சொல் ஆகிய நான்கும் கடிதத்துக்கு உயிர் கொடுக்கும். சரியான தேதி நினைவில் இல்லையென்றால் ‘2014 கோடைக் காலம்’ என்று எழுதுங்கள்; ஊகித்து ஒரு தேதியைப் போடாதீர்கள். அனுப்பியதன் நகலையும் வங்கி தந்த குறிப்பு எண்ணையும் பத்திரமாக வையுங்கள்.

புகார் கொடுத்ததாலேயே கட்டணம் நிற்காது. கணக்கை இலவசக் கணக்காக மாற்றச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். வழக்கமாகக் கணக்கு எண்ணும் சார்ட் கோடும் மாறாது, சம்பளமும் டைரக்ட் டெபிட்டும் வழக்கம்போல் ஓடும். ஆனால் மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: பயணத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டதா, காப்பீட்டுக் கோரிக்கை ஏதாவது நடந்துகொண்டிருக்கிறதா? கணக்கு மாறிய நாளிலேயே காப்பீடும் முடிந்துவிடும். மாற்றுக் காப்பீட்டை எடுத்த பிறகு மாற்றுங்கள்.

எட்டு வாரம், வங்கி சொல்லக்கூடிய பதில்கள்

வங்கிக்கு 8 வாரம் அவகாசம். அதற்குள் ‘ஃபைனல் ரெஸ்பான்ஸ்’ என்ற இறுதிப் பதில் வர வேண்டும்.

‘விற்பனைப் பதிவு எங்களிடம் இல்லை’ என்று வந்தால் நீங்கள் வென்றுவிட்டதாகவும் பொருளல்ல, தோற்றதாகவும் பொருளல்ல. இரு பக்கமும் ஆதாரம் குறைந்த நிலையில், எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்துத்தான் முடிவெடுக்கப்படும். அப்போது உங்கள் விவரிப்பின் தெளிவுக்கு எடை கூடும்.

‘வெல்கம் பேக்கில் எல்லா விதிகளும் அனுப்பினோம்’ என்பது இன்னொரு பதில். கணக்கை எடுத்த பிறகு தபாலில் வந்த புத்தகம், எடுப்பதற்கு முன் சொல்லியிருக்க வேண்டியதற்கு ஈடாகாது என்று வாதிடுங்கள்.

‘நல்லெண்ண அடிப்படையில் 150 பவுண்ட் தருகிறோம்’ என்றால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முழுமையான இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்வதாக அதில் எழுதியிருந்தால் பிறகு மேலே போவது கடினமாகிவிடும். எத்தனை மாதக் கட்டணம், எந்த விகிதத்தில் வட்டி, எதைக் கழித்தார்கள் என்ற கணக்கை முதலில் கேளுங்கள்.

ஒம்புட்ஸ்மனிடம் போவது

வங்கி மறுத்தாலோ 8 வாரம் கடந்தும் இறுதிப் பதில் தராவிட்டாலோ, நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஒம்புட்ஸ்மன் சர்வீஸிடம் போகலாம். உங்களுக்குச் செலவே இல்லை. இறுதிப் பதில் கடிதத்தின் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நல்ல காரணம் இருந்தும் இந்த 6 மாதத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு.

இணையத்தில் படிவம் நிரப்பலாம், 0800 023 4567 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்படி கேட்கலாம். வீட்டுப் பெரியவர்களின் புகாரை அவர்களே தங்கள் சொல்லில் சொல்ல இது உதவும். மகனோ மகளோ அவர்கள் சார்பில் பேசுவதானால், அதற்கான ஒப்புதலை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

முதலில் ஒரு விசாரணை அலுவலர் இரு தரப்பையும் படித்துத் தம் கருத்தைச் சொல்வார். அதை யாராவது ஏற்காவிட்டால் ஒம்புட்ஸ்மனின் இறுதி முடிவைக் கேட்கலாம். அந்த முடிவை நீங்கள் ஏற்றால் வங்கியையும் அது கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்ற வழி திறந்தே இருக்கும். ஒம்புட்ஸ்மனின் பழைய முடிவுகள் இணையதளத்தில் வாடிக்கையாளர் பெயர் நீக்கிப் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் கணக்கின் பெயரைப் போட்டுத் தேடி நான்கைந்தை வாசியுங்கள். எந்த மாதிரியான விவரம் எடுபட்டது, எது விழுந்தது என்று கண்ணெதிரே தெரியும்.

இவ்வளவையும் நீங்களே செய்யலாம் என்பதால், ‘உங்கள் சார்பில் புகார் நடத்தித் தருகிறோம், வரும் பணத்தில் பங்கு கொடுங்கள்’ என்று தொலைபேசியில் துரத்தும் கோரிக்கை நிறுவனங்களை ஒதுக்குங்கள். இந்த வகைக் கோரிக்கையில் அவர்கள் எடுக்கக்கூடிய பங்குக்கு வரம்பு உண்டு என்றாலும், சிறிய தொகைகளில் அது 30 சதவீதம் வரை போகும். அவர்களும் அனுப்பப்போவது இதே படிவத்தைத்தான்.

எவ்வளவு வரும்?

கணக்கை விற்கவே இல்லை என்றால் உங்கள் பை எப்படி இருந்திருக்குமோ அந்த நிலைக்குக் கொண்டுவருவதே அடிப்படை. கட்டிய கட்டணம் முழுவதும், அதன்மேல் வட்டி. நீண்ட காலம் இது ஆண்டுக்கு 8 சதவீத எளிய வட்டியாக இருந்தது. பின்னர் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டியை ஒட்டிய விகிதத்துக்கு மாற்றப்பட்டது. எனவே உங்கள் புகாருக்கு எந்த விகிதம் போட்டார்கள் என்று கடிதத்தில் பாருங்கள்.

கணக்குப் போடும் முறை புரிய 8 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். மாதம் 13 பவுண்ட் வீதம் 10 ஆண்டு என்றால் 1,560 பவுண்ட் கட்டியிருக்கிறீர்கள். முதல் கட்டணத்துக்கு 10 ஆண்டு வட்டி, கடைசிக் கட்டணத்துக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. சராசரி 5 ஆண்டு. 1,560-க்கு 8 சதவீதம் வீதம் 5 ஆண்டுக்கு 624 பவுண்ட். மொத்தம் 2,184. இடையில் கட்டணம் கூடியிருந்தால் ஒவ்வொரு விகிதத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

இதிலிருந்து கழிக்கக்கூடியவையும் உண்டு: காப்பீட்டில் ஏற்கெனவே வாங்கிய தொகை, கணக்கினால் கிடைத்த வட்டிச் சலுகை. பேக்கேஜின் ஒரு பகுதி மட்டும் தவறாக விற்கப்பட்டது என்று முடிவானால் பகுதித் தொகைதான் வரும். அதே வங்கிக்கு நீங்கள் நிலுவை வைத்திருந்தால், வரவேண்டிய பணத்தை அந்தக் கடனில் கழித்துவிடலாம். திவால் நடவடிக்கையிலோ, கடன்களைத் தீர்க்கக் கடன் கொடுத்தவர்களோடு செய்த ஒப்பந்தத்திலோ (ஐவிஏ) இருப்பவர்கள், அதைக் கவனிக்கும் அலுவலரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது; பணம் அவர் கைக்குப் போக வேண்டியிருக்கலாம்.

பணம் வந்ததும் வட்டிப் பகுதியைப் பாருங்கள். திரும்பிய கட்டணத்துக்கு வரி இல்லை, வட்டிக்கு உண்டு. அதில் 20 சதவீதத்தை வங்கி பெரும்பாலும் பிடித்துக்கொண்டே தரும். மேலே உள்ள உதாரணத்தில் அது 124 பவுண்ட் 80 பென்ஸ். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருப்பவர்களும், அடிப்படை விகிதத்தில் வரி கட்டி ஆண்டுச் சேமிப்பு வட்டி மொத்தமாக 1,000 பவுண்டைத் தாண்டாதவர்களும் இதைத் திரும்பக் கேட்கலாம். வங்கியிடம் வரிப் பிடித்தச் சான்றை வாங்கி, ஆர்40 படிவத்தை வருமான வரித் துறைக்கு அனுப்புங்கள். வரியாண்டு முடிந்து 4 ஆண்டுகள் வரை இதற்கு நேரம் உண்டு.